மழை எத்தனை முறை பெய்கிறது?

கிருஷ்ணகிரியிலிருந்து ஒசூர் செல்லும் நெடுஞ்சாலையின் டீசல் புகை, பர்கூர்ப் பக்கத்துக் கற்குவாரிகளின் வெண்தூசி, அறுவடைக்குப் பின் எரிக்கப்படும் தாள்களின் கரி ஆகியவற்றைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், எவ்வளவு வெளியேறுகிறது என்ற ஒரே கேள்வியில் நாம் நின்றுவிடுகிறோம். வெளியேறியது எவ்வளவு காலம் காற்றில் தங்குகிறது என்பது அதே அளவு கனமுள்ள இன்னொரு கேள்வி. ஏரியின் நீர்மட்டம் வரத்துக் கால்வாயை மட்டும் பொறுத்ததன்று, மதகு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதையும் பொறுத்தது. நாளொன்றுக்கு வெளியேறும் அளவைத் தங்கும் நாட்களால் பெருக்கினால் கிடைப்பதே எந்நேரமும் காற்றில் மிதந்துகொண்டிருக்கும் சுமை. ஆகவே தங்கும் காலம் 5 நாட்களா 10 நாட்களா என்பதில் ஏற்படும் தடுமாற்றம், உலகிலுள்ள புகைபோக்கிகள் அனைத்தையும் இருமுறை எண்ணிவிட்டால் வரும் பிழைக்குச் சமம்.

நான் வேதியியல் கற்பிப்பவன். வளிமண்டலத்தைக் கணினியில் கணக்கிட்டுக் காட்டும் மாதிரிகளை இயக்குபவன் அல்லன், அவற்றைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளை ஆர்வத்தால் வாசித்துவருபவன். அந்த வாசிப்பில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. உலகளாவிய மாதிரிகள் மாசைக் காற்றிலிருந்து அகற்றும் கணக்கில் மிகவும் ஐயத்துக்குரிய பகுதி துகள்களின் வேதியியலும் அன்று, அவை படியும் தரையின் இயல்பும் அன்று; மழைதான். ஆண்டு மழையின் மொத்தத்தை ஓரளவு சரியாகச் சொல்லிவிடும் மாதிரிகள்கூட அது எத்தனை முறை பெய்கிறது, எவ்வளவு பரப்பில் பெய்கிறது என்பதில் தவறுகின்றன. மாசு அகற்றத்துக்கு மொத்தத்தைவிட இந்த இரண்டும்தான் தேவை.

மாதிரி என்பது வளிமண்டலத்தைப் பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டியிலும் உள்ள ஒவ்வொரு பொருளின் செறிவையும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை திருத்திக்கொண்டே செல்லும் கணக்கு. காற்று கொண்டுவந்தது, கொண்டுபோனது, வேதிவினையில் பிறந்தது, அழிந்தது, தரையிலிருந்து எழுந்தது, தரைக்குத் திரும்பியது என்று எல்லாம் அந்தக் கணக்கில் வரவும் செலவுமாக ஏறுகின்றன. ஒரு பாகைக்கு ஒரு பாகை அளவுள்ள பெட்டி நம் அட்சரேகையில் ஏறத்தாழ 12,000 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. 2004-இல் தனித்தனி மாவட்டங்களான தர்மபுரியையும் கிருஷ்ணகிரியையும் மீண்டும் ஒன்றாகச் சேர்த்தாலும் 10,000 சதுர கிலோமீட்டரை எட்டுவதில்லை. அஞ்செட்டிக் காடு, ஒகேனக்கல் பள்ளத்தாக்கு, தொப்பூர் கணவாய், ஒசூரின் தொழிற்பேட்டைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வெப்பநிலை, ஒரே செறிவு, ஒரே மழை. ஐரோப்பாவின் கோப்பர்நிகஸ் வளிமண்டலச் சேவை இன்று ஏறத்தாழ 40 கிலோமீட்டர் அளவுள்ள பெட்டிகளில் உலகம் முழுவதற்கும் முன்னறிவிப்பு தருகிறது. அதிலும்கூட ஒரு பெட்டிக்குள் ஒரு மழைமேகம் சிறு புள்ளிதான்.

வேதிவினையால் நேரும் அழிவை இங்கே விரிக்கப்போவதில்லை. ஹைட்ராக்சில் என்னும் மிகச் சிறிய, மிகத் துடிப்பான மூலக்கூறு கார்பன் மோனாக்சைடை இரண்டு மாத அளவிலும், மீத்தேனை ஏறத்தாழ 9 ஆண்டுகளிலும் தீர்க்கிறது; இவ்விரண்டும் நீரில் கரைய மறுப்பவை என்பதால் மழைக்கணக்கின் பிழை நேரடியாக இவற்றைத் தொடுவதில்லை. என் பேச்சு துகள்களையும் கரையும் வாயுக்களையும் பற்றியது.

முதலில் எளியது: தன் எடையால் விழுவது. நீரைப்போல் இரண்டரை மடங்குக்கும் சற்று அதிகமான அடர்த்தியுள்ள கிரானைட் தூசியில், 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விட்டமுள்ள துகள் அசைவற்ற காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் இறங்கும். குவாரியில் 10 மீட்டர் உயரத்துக்கு எழும்பிய அந்தத் துகள் 20 நிமிடங்களில் தரையைத் தொடும். நொடிக்கு 3 மீட்டர் காற்று வீசினாலும் நான்கு கிலோமீட்டரைத் தாண்டுவதற்குள் விழுந்துவிடும். ஒரு மைக்ரான் துகளோ ஒரு நாள் முழுவதும் விழுந்தாலும் 8 மீட்டர்தான் இறங்கும், அதற்குள் தரையிலிருந்து எழும் சுழல் அதை நூறு முறை மேலே தூக்கிவிட்டிருக்கும். ஆடிக் காற்றில் கிளம்பும் கனத்த புழுதியில் பெரும்பகுதி, எழுந்த பெட்டிக்குள்ளேயே விழுந்துவிடுவதால், உலகளாவிய மாதிரியின் கணக்கில் ஏறுவதேயில்லை. குவாரியை ஒட்டிய ஊர்களின் மூச்சுத் தொல்லைக்கு இத்தகைய மாதிரியிடம் விடை தேடுவது வீண். அதற்கு ஊரளவிலான அளவீடு வேண்டும்.

அடுத்தது உலர் படிவு. மழையின் துணையின்றி, காற்றே கொண்டுவந்து இலையிலும் மண்ணிலும் கூரையிலும் ஒட்டவைப்பது இது. மாதிரிகள் இதை மின்சுற்றின் மொழியில், தொடராக இணைந்த மூன்று தடைகளாக எழுதுகின்றன. மேலே உள்ள காற்று சுழன்று கலந்து கீழே வருவதற்கான தடை முதலாவது. மேற்பரப்பை ஒட்டிச் சலனமற்று நிற்கும் மெல்லிய காற்றுப்படலத்தைக் கடப்பதற்கான தடை இரண்டாவது. மேற்பரப்பு அந்தப் பொருளை ஏற்றுக்கொள்வதில் காட்டும் தடை மூன்றாவது. மூன்றையும் கூட்டித் தலைகீழாக்கினால் படிவு வேகம் கிடைக்கும். நைட்ரிக் அமிலம் எதன்மேல் பட்டாலும் ஒட்டிக்கொள்வதால் அதற்கு மூன்றாம் தடை இல்லையென்றே கொள்ளலாம். ஓசோனுக்கு இலைத்துளைகள் திறந்திருக்க வேண்டும். பகலில் செடிகொடிகள் அதை உறிஞ்சுகின்றன, இரவில் துளைகள் மூடியதும் மூன்றாம் தடை உயர்ந்துவிடுகிறது. மார்கழி, தை மாதங்களில் தேன்கனிக்கோட்டைப் பக்கம் தரை குளிர்ந்து காற்று அசையாமல் படுத்துக்கிடக்கும் இரவுகளில், முதல் தடையே மற்ற இரண்டையும் விஞ்சி நிற்கும்.

இந்தத் தடைகளைக் கணிப்பதற்கு அமெரிக்கரான மார்வின் வெஸ்லி 1989-இல் வெளியிட்ட அட்டவணை இன்றும் பல மாதிரிகளுக்கு அடித்தளமாக இருக்கிறது. அதில் நிலம் 11 வகை, பருவம் 5 வகை. அந்த ஐந்து பருவங்களையும் முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது: பசுமை செழித்த நடுக்கோடை, அறுவடைக்கு முந்தைய இலையுதிர்காலம், உறைபனி விழுந்தபின் வரும் இலையுதிர்காலக் கடைசி, பனி மூடிய குளிர்காலம், பாதி பசுமை திரும்பிய இளவேனில். சித்திரையில் காய்ந்து பழுப்பேறி, ஐப்பசியில் பச்சை பிடிக்கும் பென்னாகரத்து மானாவாரி நிலம் இவற்றில் எதில் சேரும் என்பதை மாதிரியைக் கட்டுபவர்தான் முடிவு செய்ய வேண்டும். பல குழுக்கள் செயற்கைக்கோள் காட்டும் இலைப்பரப்பைக் கொண்டு இதைச் சரிசெய்கின்றன. இருந்தும் அட்டவணையின் எண்கள் பிறந்த மண் வேறு.

ஆனாலும் சிறு துகள்களைப் பொறுத்தவரை இந்தப் பிழை உயிர்நிலையானதன்று. அவற்றின் படிவு வேகம் பொதுவாக நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற அளவில் இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குக் கலந்திருக்கும் காற்றை அந்த வேகத்தில் வெறுமையாக்கப் பதினொன்றரை நாட்கள் ஆகும். அதற்குள் ஏதேனும் ஒரு மழை முந்திக்கொள்ளும். கந்தகப் புகையிலிருந்து உருவாகும் சல்பேட் துகள்களில் பத்துக்கு எட்டுப் பங்குக்கு மேல் மழையாலேயே அகற்றப்படுவதாகத்தான் மாதிரிகள் காட்டுகின்றன.

மழை இரண்டு விதமாகக் கழுவுகிறது. முகிலுக்குள்ளே நடப்பது முதல் விதம்: நீராவி வெறுங்காற்றில் எளிதில் துளியாவதில்லை, உப்போ சல்பேட்டோ கலந்த ஒரு துகளைப் பற்றிக்கொண்டுதான் துளியாகிறது, அந்தத் துளி பிற துளிகளோடு சேர்ந்து மழையாக விழுந்தால், கருவாக இருந்த துகளும் கூடவே இறங்குகிறது. ஆகவே மாதிரி செய்ய வேண்டியது, முகில் நீரில் எவ்வளவு பங்கு இந்த அரைமணி நேரத்தில் மழையானது என்று கண்டு, முகிலில் புகுந்த துகள்களில் அதே பங்கைக் கழிப்பது. வாயுக்களுக்கு ஹென்றி விதிப்படி எவ்வளவு கரையும் என்ற கணக்கும் சேரும். புதிதாகப் பிறந்த கரிப்புகை நீரை ஒட்டவிடாது. வழியில் அமிலமும் கரிமப் பொருளும் மேலே படிந்த பிறகே அது துளிக்குக் கருவாகும். பல மாதிரிகள் இந்த முதிர்ச்சிக்கு ஒரு நாளுக்குச் சற்று மேலான ஒரே கால அளவை உலகம் முழுவதற்கும் கொடுத்து முடித்துவிடுகின்றன. இது தோராயம் என்பதைக் குழுவினரும் அறிவர்.

முகிலுக்குக் கீழே, விழும் துளி வழியில் மோதுவதை அள்ளிச்செல்வது இரண்டாம் விதம். கனத்த துகள் துளியின் வழியிலிருந்து விலக முடியாமல் மோதி ஒட்டிக்கொள்கிறது. மிக நுண்ணிய துகள் மூலக்கூறுகளின் இடியால் தாறுமாறாக அலைந்து துளியில் வந்து விழுகிறது. இடைப்பட்ட அளவில், ஏறத்தாழ 0.1 முதல் 1 மைக்ரான் வரையுள்ள துகளோ, துளியைச் சுற்றி ஓடும் காற்றோடு தானும் வளைந்து தப்பிவிடுகிறது. அணுகுண்டு வெடிப்பின் கதிரியக்கத் துகள்களை மழை எவ்வாறு இறக்கும் என்று ஆராய்ந்த கிரீன்ஃபீல்டு 1957-இல் சுட்டிக்காட்டிய இந்த இடைவெளி அவர் பெயராலேயே வழங்குகிறது. நுரையீரலின் ஆழத்துக்குச் செல்லும் நுண்துகளின் எடையில் பெரும்பகுதி இந்த அளவில்தான் இருக்கிறது. கோடை மழை ஓய்ந்ததும் கிருஷ்ணகிரி மலைக்கோட்டை துலக்கமாகத் தெரிவதற்கு, துளிகள் அள்ளிய கனத்த தூசியோடு, மழையுடன் மேலிருந்து இறங்கும் புதுக்காற்றும், ஈரமாகிப் புழுதி கிளப்பாத மண்ணும் காரணம். துளி எல்லாவற்றையும் கழுவிவிட்டது என்று எண்ணுவது மிகை.

இனி பரப்பின் சிக்கல். வைகாசி மாலையில் காவேரிப்பட்டினத்தில் இடியோடு கொட்டும் மழை மத்தூரில் ஒரு துளியும் இல்லாமல் போவது நமக்குப் பழகிய ஒன்று. மாதிரியின் பெட்டியில் பத்தில் ஒரு பங்குப் பரப்பில் மட்டும் ஒரு மணி நேரம் மழை பெய்கிறது என்றும், அந்த இடத்தில் துகள்கள், எந்நொடியிலும் எஞ்சியிருப்பதற்கு ஏற்ற விகிதத்தில், மணிக்கு 3 என்ற வீதத்தில் அகற்றப்படுகின்றன என்றும் கொள்வோம். மழை பெய்த இடத்தில் 95 விழுக்காடு துகள்கள் போய்விடும். பெட்டி முழுவதற்கும் அது 9.5 விழுக்காடு இழப்பு. அதே மழையைப் பெட்டி முழுவதிலும் மெலிதாகப் பரப்பி, வீதத்தை 0.3 என்று வைத்துக் கணக்கிட்டால் இழப்பு 26 விழுக்காடு ஆகிவிடும். மழையின் மொத்தம் மாறவில்லை, அகற்றம் ஏறத்தாழ மூன்று மடங்காகிவிட்டது. அடுக்குக்குறிச் சார்பின் இயல்பு இது: ஏற்கெனவே காலியான இடத்தில் மேலும் கொட்டும் மழை வீணாகிறது, பரப்பினால் வீணாவதில்லை.

இதைத் தவிர்க்கத்தான் ஜியார்ஜி, சமைடிஸ் ஆகிய இருவரும் 1986-இல் காட்டிய வழியைப் பின்பற்றி, பெட்டியில் மழை பெய்யும் பங்கைத் தனியே கணக்கிடுகிறார்கள். அதிலும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. ஒரு மணி நேரத்தை 20 நிமிடப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியின் முடிவிலும் கழுவப்பட்ட காற்றும் கழுவப்படாத காற்றும் முற்றிலும் கலந்துவிட்டதாகக் கொண்டால், மேற்சொன்ன எடுத்துக்காட்டில் இழப்பு 9.5 அன்று, ஏறத்தாழ 18 விழுக்காடு. மழை அதே, இடம் அதே, இயற்பியல் அதே. கணினியின் கடிகாரம் மட்டும் விடையை இரட்டிப்பாக்கிவிடுகிறது. மாணவர்களிடம் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக்காட்டுவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

பரப்பைவிடப் பெரியது எண்ணிக்கையின் சிக்கல். கிளவுட்சாட் செயற்கைக்கோளின் ரேடார் பதிவுகளோடு ஒப்பிட்டு 2010-இல் வெளியான ஆய்வு, மாதிரிகளில் கடல்மீது மழை இயல்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு அடிக்கடியும், மிகவும் மெலிதாகவும் பெய்வதைக் காட்டியது. மொத்தம் சரி, கொட்டுவதற்குப் பதிலாக ஓயாத தூறல். இதன் விளைவை ஒரு சிறு கணக்கால் உணரலாம். நாளொன்றுக்கு ஒரு பங்கு மாசு சேரும் இடத்தில், 15 நாட்களுக்கு ஒருமுறை முழுவதையும் கழுவும் பெருமழை பெய்தால், காற்றிலுள்ள சராசரிச் சுமை ஏழரைப் பங்கு. அதற்குப் பதிலாக நாள்தோறும் தூறி, இருப்பதில் பாதியைக் கழுவினால் சராசரிச் சுமை ஒன்றரைப் பங்கு. மழைமானியின் மாத மொத்தம் ஒன்றாகவே இருக்கலாம், காற்றின் சுமை ஐந்து மடங்கு வேறுபடுகிறது.

விழும் மழையெல்லாம் தரையைச் சேர்வதும் இல்லை. சித்திரையில் வறண்ட நிலத்துக்கு மிக உயரத்தில் நிற்கும் முகிலிலிருந்து இறங்கும் துளிகள் வழியிலேயே ஆவியாகிவிடுகின்றன. துளி போனாலும் அது சுமந்த துகள் காற்றிலேயே, முன்பைவிடத் தாழ்ந்த உயரத்தில் விடப்படுகிறது. இந்தத் திருப்பித் தருதலைச் சேர்க்காத மாதிரி, இல்லாத படிவைப் படிவாக எழுதிவிடும்.

இவ்வளவு தோராயங்களுக்கு நடுவே மாதிரியின் அகற்றக் கணக்கைச் சோதிப்பது எவ்வாறு? இங்கே நம் பாறைகளுக்கு ஓர் இடம் உண்டு. கிரானைட்டில் சிறிதளவு யுரேனியம் இருக்கிறது. அதன் வழித்தோன்றலான ரேடான் வாயு மண்ணிலிருந்து கசிந்து வெளியேறுகிறது. 3.8 நாள் அரைவாழ்வுள்ள அந்த வாயு எதனோடும் வினைபுரியாது, மழையில் கழுவப்படாது. அது சிதைந்து இறுதியில் ஈயம்-210 ஆனதும் நுண்துகள்களில் ஒட்டிக்கொண்டு அவற்றோடு பயணித்து அவற்றோடு இறங்குகிறது. பிறப்பின் அளவு ஓரளவு தெரிந்தது, வேதியியல் குழப்பம் கிடையாது, சிதைவு 22 ஆண்டு அரைவாழ்வுடையதாகையால் அவசரமற்றது. எனவே காற்றில் அதன் செறிவு காற்றோட்டத்தையும் அகற்றத்தையும் மட்டுமே காட்டும். நிலப்பரப்பு எங்கும் ஒரு சதுர சென்டிமீட்டரிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ ஓர் அணு ரேடான் எழுவதாக மாதிரிகள் வழக்கமாகக் கொள்கின்றன. கிரானைட் நிலத்துக்கும் களிமண் நிலத்துக்கும் ஒரே எண் என்பதை இவ்வூர்க்காரனாகிய நான் முகம் சுளிக்காமல் ஏற்க முடியவில்லை. இதற்குத் துணையாக, விண்கதிர்களால் மேல்வளிமண்டலத்தில் பிறக்கும் பெரிலியம்-7 மேலிருந்து கீழாகச் சோதிக்க உதவுகிறது. ஜியோஸ்-கெம் மாதிரியைக் கொண்டு 2001-இல் வெளியான ஆய்வில் ஈயம்-210 தங்கும் காலம் 9 நாட்கள், பெரிலியம்-7 தங்கும் காலம் 21 நாட்கள் என்று வந்தது. இரண்டும் ஒரே வகை நுண்துகள்களில் ஒட்டுபவை, ஒரே மழையால் கழுவப்படுபவை. தங்கும் காலம் துகளின் தனிப்பண்பு அன்று, அது மழைக்கு எட்டும் உயரத்தில் பிறந்ததா என்பதன் விளைவு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2011 மார்ச்சில் ஃபுகுஷிமா அணுஉலை விபத்தில் வெளியான சீசியம்-137 இன்னொரு சோதனையாக அமைந்தது. பல நிலையங்களின் அளவீடுகளிலிருந்து அது ஏறத்தாழ 14 நாட்கள் தங்கியதாகக் கணிக்கப்பட்டது. 19 உலகளாவிய மாதிரிகளின் நடுமதிப்போ 9 நாட்களை ஒட்டியிருந்தது, அதாவது மாதிரிகள் அவசரப்பட்டுக் கழுவுகின்றன. இதற்கு நேர்மாறாக, 2009 முதல் 2011 வரை பசிபிக் பெருங்கடலின்மேல் வடதுருவப் பகுதியிலிருந்து தென்துருவப் பகுதிவரை பறந்த ஆய்வு விமானங்கள் அளந்த கரித்துகள், மாதிரிகள் காட்டியதைவிடப் பல மடங்கு குறைவாக இருந்தது, அதாவது அங்கே மாதிரிகள் போதுமான அளவு கழுவவில்லை. ஒரே திருகாணியைத் திருப்பி இரண்டையும் சரிசெய்ய இயலாது. தரையை ஒட்டிய தூறலில் மிகையாகவும், உயர எழும் இடிமுகிலின் மேல்நோக்கிய ஓட்டத்தில் குறைவாகவும் அகற்றுகிறார்கள் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படும் விளக்கம். வெப்பமண்டலத்தில் வாழும் நமக்கு இரண்டாவதுதான் கூடுதல் அக்கறைக்குரியது.

நம் மாவட்டங்களுக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் இங்கே வீசும் மேல்காற்று மேற்குத்தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவில் மழையாகக் கொட்டி, தன் துகள்களை அங்கேயே இறக்கிவிட்டு, உலர்ந்து வருகிறது; வழியில் பெங்களூருப் பக்கத்துப் புகையைப் புதிதாக ஏற்றிக்கொண்டு ஒசூரைக் கடக்கிறது. பருத்த பெட்டிகளில் மலையின் உச்சி சராசரிக்குள் கரைந்து தாழ்ந்துவிடுவதால், சரிவில் குவிய வேண்டிய மழை கிழக்கே கசிந்து மெலிதாகப் பரவுகிறது. அப்படிப் பரவும் மாதிரியில், உண்மையில் வறண்டு கிடக்கும் பாலக்கோட்டுக் காற்று அன்றாடம் கழுவப்பட்டுக்கொண்டிருக்கும். அந்த மாதங்களுக்கான மாசு முன்னறிவிப்பைப் பார்க்கிறவர் முதலில் அதே மாதிரியின் மழை வரைபடத்தைத் திறந்து, தூறல் நாட்களை எண்ணிப் பார்ப்பது நல்லது.

பெட்டியை மூன்று நான்கு கிலோமீட்டர் அளவுக்குச் சுருக்கினால் இடிமுகிலை மாதிரி நேரடியாகவே உருவாக்கும். தூறல் குறைந்து கொட்டுமழை கூடும். அத்தகைய ஓட்டங்களுக்கு ஆகும் கணினிச் செலவு மிகப் பெரிது. அவை பரவும்போதும் சோதனை தேவைப்படும், அதற்குப் படிவின் மொத்தத்தை மட்டும் அளப்பது உதவாது. உலகம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், வெளியேறியதெல்லாம் ஒருநாள் இறங்கித்தான் ஆக வேண்டும். தங்கும் காலம் 5 நாட்களாயினும் 15 நாட்களாயினும் ஆண்டுப் படிவு ஒன்றாகவே வரும். ஆகவே மழைநீரை ஒவ்வொரு மழைக்கும் தனித்தனியாகப் பிடித்து, அதில் உள்ள சல்பேட்டையும் ஈயம்-210-ஐயும், அதே நாட்களில் காற்றில் மிதக்கும் அளவையும் சேர்த்தே அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள விகிதத்தில்தான் தங்கும் காலம் வெளிப்படும்.